முதுகுக்குப் பின்னால் நெருப்பு

'நெருப்பு பின்னால் எரிந்தால் முதுகு சுடாதா?'

வினோஜா நினைத்தாள், கேட்கவில்லை. கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள்.

கிளிநொச்சியில், அவர்களுடைய பள்ளிக்கூட மண்டபத்தில், தமிழ்த்தினப் போட்டி நாடகத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார் கௌசலா ரீச்சர். மூன்று வருடமாக வினோஜாவுக்குத் திரைமறைவில் பின்பாட்டுத்தான். இந்த முறை மேடையில் ஒரு வேடம் வேண்டும். ஒரேயொரு வசனம் என்றாலும் போதும்.

ரீச்சர் கதையை ரசித்து ரசித்துச் சொன்னார்.

"கிரேக்க தேசத்துப் பழைய கதை, பிள்ளையள். ஒரு குகை. பிறந்ததிலயிருந்து சங்கிலியில கட்டின சனம். தலை திருப்பேலாது. முன்னால சுவர். முதுகுக்குப் பின்னால நெருப்பு. நடுவில சில பேர் பொம்மையளைத் தூக்கிக்கொண்டு நடக்கினம். சுவரில விழுற நிழல்தான் உலகம் எண்டு இவை நம்பியிருக்கினம். எந்த நிழலைக் காட்டுறது எண்டு முடிவெடுக்கிறவைதான் இவைக்கு ராசா. ஒருத்தன் மட்டும் கட்டவிழ்ந்து வெளியில போய், உண்மையைக் கண்டு, திரும்பி வந்து சொல்லுறான். அவனை விசரன் எண்டு அடிக்கப் போகினம்."



"ரீச்சர், அவைக்கு முதுகு சுடாதோ?" வினோஜாவின் வாய் முந்திவிட்டது.

எதிர்பார்த்தபடியே சிரிப்பு. "இவளுக்கு எந்த நேரமும் குசினி அடுப்பு நினைப்புத்தான்," என்றான் கூடப் படிக்கும் மதுசன்.

"போடா. அறுப்பு முடிஞ்சு வயலில வைக்கோல் கொளுத்தேக்க, திரும்பி நிண்டாலும் நெருப்பு எந்தப் பக்கம் எண்டு தெரியுந்தானே? அவைக்கு மட்டும் ஏன் தெரியேல்லை?"

"சரி, நெருப்புத் தெரியும். பொம்மை தூக்கிறவை?" என்றான் மதுசன்.

"நடந்தால் காலடி கேக்காதோ? எங்கட அப்பா வாறாரோ, அண்ணன் வாறானோ எண்டு செருப்புச் சத்தத்திலயே நான் சொல்லுவன்."

"குகையெல்லே! சத்தம் சுவரில பட்டு முன்னாலயிருந்துதான் வரும்."

"அது எதிரொலி. பிந்தித்தான் வரும். முதல் சத்தம் பின்னாலதான் கேக்கும்."

 

வினோஜா விடவில்லை. "ஒருத்தன் வெளியில போய் வந்து சொல்லுமட்டும் ஏன் இருக்கோணும், ரீச்சர்? காதும் தோலும் இருக்கிற ஒருத்தி, கட்டிவைச்ச இடத்திலயே கண்டுபிடிச்சிருப்பாளே, தங்களை ஏமாத்துறாங்கள் எண்டு!"

 

"இருபது வருசமா இந்தக் கதையைச் சொல்லிக்குடுக்கிறன்," என்றார் ரீச்சர். "ஒருத்தரும் இப்பிடிக் கேக்கேல்லை. நாடகத்தை மாத்துவம். அந்த ஒருத்திதான் கதாநாயகி. நீர்தான் நடிக்கிறீர்."

கைதட்டல் எழுந்தது. மதுசன்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.  மேடை! கதாநாயகி!

பின்னால் சப்பாத்துச் சத்தம் நெருங்கி வந்தது. அதிபர் கதிர்காமநாதன்.

"எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். அபாரம், பிள்ளை! ஆனா ஒரு விசயம். நாடகம் துவங்க முதல் நான் ஒலிவாங்கியில உம்மைப் பற்றி ஒரு வசனம் சொல்லுவன். நடுவர்மார் அழுதிடுவினம். பரிசு எங்களுக்குத்தான்."

"என்ன வசனம், சேர்?"

"வேறென்ன? 'இந்தப் பிள்ளை பிறவியிலயே இரண்டு கண்ணும் தெரியாதவா' எண்டுதான். அதைச் சொல்லாமல் உம்மை மேடையேத்தி என்ன பிரயோசனம்?"

வினோஜா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி மெதுவாகச் சொன்னாள்:

"அப்பிடியெண்டால் எனக்கு இந்த வேடம் வேண்டாம், சேர்."