இரண்டு கறிமிளகாய் இலைகள்

"கடவுளே, ரெண்டும் ஒரே மாதிரி மட்டும் இருந்துறக் கூடாது!"

முணுமுணுத்துக்கொண்டே இரண்டாவது படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாள் நிஷாந்தினி. பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் செடி வைரசுகளின் உருவத்தையும் அளவையும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊராருடைய இலைகளை எத்தனையோ பார்த்திருக்கிறாள். இன்றைக்குப் பார்ப்பது அவள் கல்யாணத்தை!

அறையின் ஒரு மூலையில் அப்பா பொன்னையா. மறு மூலையில் மாப்பிள்ளை ஜெயகுமாரின் அப்பா மருதவீரன். ஹல்துமுல்லையிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெற்றிலை பாக்கு மாற்றுகிற நேரம் பார்த்துத்தான் அந்தச் சனியன் பிடித்தது. லயத்து வீடுகளுக்குப் பின்னால் அடுத்தடுத்திருந்த இருவர் தோட்டத்திலும் கறிமிளகாய் சுருண்டுபோனது. "ஓஞ் செடியிலிருந்துதான் எனக்கு ஒட்டுச்சு" என்று இருவரும் குதித்தார்கள். கடைசியில் கோயில் வாசலில் வைத்து ஒரு முடிவு: அவரவர் தோட்டத்து இலையைக் கொடுப்பது, வேறு வேறு கிருமி என்றால் கல்யாணம், ஒரே கிருமி என்றால் சம்பந்தமே கிடையாது.

மறுநாளே அப்பா மருந்துக் கவர் ஒன்றில் இலையைப் போட்டு அவள் கையில் திணித்துவிட்டார்.

"இத்தூண்டு கிருமிக்கு இம்புட்டுப் பெரிய மெசினா?" என்றார் பொன்னையா, கூரையைத் தொடுகிற மாதிரி நின்ற கருவியைப் பார்த்து.

"கிருமிக்கு வேணும். சில பேரு வீம்பு மெசின் இல்லாமலே தெரியும்" என்றார் மருதவீரன் சுவரைப் பார்த்து.

நிஷாந்தினியின் போன் அதிர்ந்தது. ஜெயகுமார்தான். 'ரெண்டும் ஒன்னா இருந்தா வேற ஏதாவது வைரசு படத்தக் காட்டிரு புள்ள. அவங்களுக்கு என்னா தெரியப்போகுது?'

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மனசு ஒப்பவில்லை.

இரண்டு படத்திலும் இடியப்பத்தைப் பிய்த்துப் போட்ட மாதிரி நெளிந்த இழைகள். அளந்தாள். திரும்பவும் அளந்தாள். அதே நீளம், அதே பருமன்.

"ரெண்டும் ஒரே மாதிரிதாம்ப்பா." திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். "யாருக்கிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு இத வச்சுச் சொல்ல ஏலாது. ஆனா உருவமும் அளவும் ஒன்னுதான்."

பொன்னையா துள்ளி எழுந்தார். "அது எப்புடி ஒன்னா இருக்கும்? மறுபடி பாரு!"

"பாத்துட்டேன்ப்பா."

"இருக்கவே முடியாது! அது நம்ம தோட்டத்து இலையே இல்ல!" அவருக்குக் குரல் உடைந்தது. "வேற கிருமியா வரட்டும், எம் புள்ள கல்யாணம் நிக்கக் கூடாதுன்னுதான், டிஸ்பென்சரிக்குப் பின்னால சுருண்டு நிக்கிற மிளகாச் செடியில திருட்டுத்தனமா பறிச்சேன்!"

மருதவீரன் மெல்ல எழுந்து வந்தார்.

"டிஸ்பென்சரிக்குப் பின்னாலயா? தண்ணிப் பீலிக்குப் பக்கத்துல, வேலியோரமா ஒரே ஒரு செடி நிக்குமே, அதுலயா?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"அடப்பாவி!" தலையில் கை வைத்துக்கொண்டார் மருதவீரன். "நானும் அதுலதான பறிச்சேன், சம்பந்தி!"