சோதினை முடியும் வரைக்கும்

"அம்மா, அப்பா இண்டைக்குப் போன் எடுத்தவரே?"

பரீட்சை எழுதிவிட்டு வந்த தனுசியா, தோள் பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

இராசமலர் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "ஓம் பிள்ளை. மத்தியானம் எடுத்தவர். முல்லைத்தீவிலை நல்ல மீன்பாடாம். உன்னைச் சோதினையை வடிவா எழுதட்டாம்."

"வேறை என்ன சொன்னவர்? வாங்கோ, சாப்பிட்டுச் சாப்பிட்டுச் சொல்லுங்கோ."

மகள் இரண்டு தட்டுகளில் சோறு போட்டாள். பகல் முழுக்க இராசமலர் பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. மறுத்தால் பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிடும். வராத அழைப்பை வந்ததாகச் சோடித்துச் சொல்லியபடியே இராசமலர் ஒவ்வொரு பிடியாக விழுங்கினாள்.

மகளிடம் சொன்னதுபோல, கணவர் தம்பிராசா முல்லைத்தீவுக்குப் போகவே இல்லை. மகளுக்கு உயர்தரப் பரீட்சையில் கடைசிப் பாடங்கள் மிச்சமிருந்தபோது, பருத்தித்துறைக் கரையிலிருந்து வழக்கம்போல இரவு கடலுக்குப் போனவர். இடையில் காற்று கிளம்பியது. மற்ற வள்ளங்கள் விடியமுன் கரை சேர்ந்தன. அவருடையது வரவில்லை.

அன்று காலையில் அவள் கரையில் விழுந்து அழப்போனபோது, மீனவர் சங்கத் தலைவர் தம்பிஐயாதான் தடுத்தார்.

"தங்கச்சி, சத்தம் போடாதை. பிள்ளை சோதினைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிக்குது. எங்கடை கரையிலை இருந்து கம்பசுக்குப் படிக்கப் போகப்போற முதல் பிள்ளை. சோதினை முடியும் வரைக்கும் ஊரிலை ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. தம்பிராசாவை நாங்கள் தேடுறம்."

ஊர் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து, குழம்பு கொடுத்து, சத்தமாகச் சிரித்துவிட்டுப் போனார்கள். சங்கக் கட்டடத்தில் காசு வாங்காமல் படிப்பிக்கும் வித்தியா ரீச்சர் பின்னேரம் வந்து தனுசியாவுக்குப் பாடம் மீட்டுவாள். போகும்போது மட்டும் இராசமலரின் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

தேடப்போன வள்ளங்கள் ஒவ்வொரு நாளும் வெறுமனே திரும்பின.

கடைசிப் பாடம் முடியும் நேரம், இராசமலர் தன் தம்பி சுபாஸ்கரனோடு பரீட்சை மண்டப வாசலில் நின்றாள். இனியும் மறைக்க முடியாது.

"எப்பிடியடா சொல்லுவன்? என்னை ஏமாத்திப்போட்டாய் எண்டு பிள்ளை கேட்டால்?"

"நான் சொல்லுறன் அக்கா. நீ அவளைப் பிடிச்சுக்கொள்."

அப்போது அவளுடைய போன் அடித்தது. தெரியாத இலக்கம். எடுத்துக் காதில் வைத்தாள்.

"மலர்... நான்தான்."

இஞ்சின் பழுதாகி, காற்று இழுத்துக்கொண்டு போய், கோடியக்கரைப் பக்கத்து மீனவர்கள் தூக்கியெடுத்தார்களாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். இன்றுதான் நினைவு திரும்பியதாம். உயிருக்கு ஒன்றுமில்லையாம். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

இராசமலர் அழுதாள், சிரித்தாள், சுபாஸ்கரனைப் போட்டு உலுக்கினாள். கதவு திறந்தது. வெளியே வந்த பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"பிள்ளை! அப்பா போன் எடுத்தவர்! இப்ப, இப்பத்தான் என்னோடை கதைச்சவர்!"

தனுசியா தாயை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"போதும் அம்மா, சோதினை முடிஞ்சுது, இனிப் பொய் சொல்ல வேண்டாம். ஊர் வள்ளமெல்லாம் வலையில்லாமல் கடலுக்கை போனதை அண்டைக்கே பஸ்ஸிலை இருந்து பாத்திட்டன். அப்பா கதைச்சவர் எண்டு சொல்லேக்கை மட்டும்தானே நீங்கள் சாப்பிட்டனீங்கள்... அதுக்காகத்தான் ஒவ்வொரு நாளும் கேட்டனான்!"