கண் விழிக்கிற நேரம்

"பெண்டாட்டி ஆபரேஷன் டேபிள்ல படுத்திருக்கிறப்ப எந்தப் புருஷனாவது பன்னிக் கொட்டகைக்குப் போவானா, ஆர்டிஸ்?"

ஆஸ்பத்திரி வராந்தாவின் மூலையில் நின்று மார்லிஸ் போனில் கேட்டாள். தணிந்த குரல்தான். ஆனாலும் பக்கத்து நாற்காலிக்காரர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார்.

"என் கண்ணால பார்த்தேன். யுனிவர்சிட்டிக் கொட்டகை வாசல்ல வெர்லினோட வண்டி நிக்குது. பாவம், ஆஸ்பத்திரியில தவிச்சுக்கிட்டு இருப்பான்னு அவனுக்கும் சேர்த்துல்ல ஜெபம் பண்ணினேன்."

"அவனுக்குப் பண்ணினதைத் திரும்ப வாங்கிக்கோ."

தேவாலயத்தில் ஜெபச் சங்கிலி ஆர்டிஸின் பொறுப்பு. யாருக்காவது முடியவில்லை என்றால் வீடு வீடாகப் போன் போட்டுப் பெயரைச் சொல்வாள். அவரவர் வீட்டிலிருந்தே ஜெபிப்பார்கள். காலையில் மார்லிஸ் கொடுத்த பெயர், டோரீன். மார்லிஸின் தங்கை, வெர்லினின் மனைவி. சினைப்பையில் புற்றுநோய்.

டோரீன் வேலை பார்ப்பதும் அந்தக் கொட்டகையில்தான். இதே நோயைப் பன்றிகளுக்கு உண்டாக்கி, உடம்புக்குள் அது எப்படிப் பரவுகிறது என்று அங்கே ஆராய்ச்சி செய்கிறார்கள். தீனி போட்டவளுக்கே அது வந்துவிட்டதே என்று மார்லிஸ் அழாத நாள் இல்லை.

கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா வந்தாள்.

"டோரீனோட கணவர்?"

"வரல. நான் அக்கா. என்கிட்டயே சொல்லுங்க."

"வயித்துக்குள்ள இருக்கிற சவ்வு வரைக்கும் பரவியிருக்கு. கண்ணுக்குத் தெரிஞ்சதை எல்லாம் எடுத்தாச்சு. மிச்சத்துக்கு மருந்துதான்."

"பிழைச்சுக்குவாளா?"

"அதை இப்பவே சொல்ல முடியாதுங்க."

மார்லிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

அரை மணி கழித்து வெர்லின் வந்தான். கையில் தொப்பி. தலை ஈரம் காயவில்லை.

"குளிச்சு, தலை சீவி, சாவகாசமா வர்றியா?"

"கொட்டகையை விட்டு வெளிய வரணும்னா குளிச்சுட்டுத்தான் வரணும், மார்லிஸ். அங்க அது சட்டம்."

"மறைக்கக்கூடத் தோணல பாரு. டாக்டர் சொன்னதை நான் ஒருத்தியா நின்னு கேட்டேன். எங்கடா போனான் இவ புருஷன்னு எல்லாரும் பார்க்கிறாங்க. இத்தனை வருஷம் உனக்கு ஆக்கிப் போட்டவளைவிடப் பன்னி பெரிசாப் போச்சா?"

பொதுவாகவே அவன் வாய் திறக்காத ஆள். தொப்பியை மடக்கினான், பிரித்தான்.

"பரவியிருச்சா?" என்று மட்டும் கேட்டான்.

அவள் தலையாட்டினாள். அவன் உட்கார்ந்துவிட்டான். அப்போதும் அவளுக்கு மனசு இரங்கவில்லை.

நர்ஸ் வந்து இருவரையும் உள்ளே கூப்பிட்டாள்.

டோரீனின் கண்கள் பாதி திறந்திருந்தன. மார்லிஸ் கட்டிலோர நாற்காலியில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். "நான் இங்கதான்டி இருக்கேன்."

டோரீன் கையை அழுத்தினாள். ஆனால் கண் அக்காவைத் தாண்டிப் போய் வெர்லினைத் தேடியது.

"நாப்பத்தொண்ணு?" என்றாள்.

மயக்க மருந்தின் உளறல் என்று நினைத்தாள் மார்லிஸ்.

"எழுந்து நின்னுச்சு," என்றான் வெர்லின். "முதல்ல தள்ளாடுச்சு. என் குரல் கேட்டதும் காதை ஆட்டிச்சு. தண்ணி குடிச்சுது."

"வலிக்கு ஊசி?"

"நேரத்துக்குப் போட்டாங்க. பக்கத்துல நின்னு பார்த்தேன்."

"அதுக்குப் பரவியிருக்கா?"

வெர்லின் குனிந்து அவள் தோளைத் தொட்டான். "இருக்கு."

டோரீன் கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் தண்ணீர் இறங்கியது.

"யாருடா அது நாப்பத்தொண்ணு?" என்றாள் மார்லிஸ்.

"பன்னி. அங்க பேர் வைக்க மாட்டாங்க, காதுல நம்பர்தான். அதுக்கும் இன்னிக்குத்தான் வயித்தைத் திறந்து, எதுவரைக்கும் பரவியிருக்குன்னு பார்த்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நாளாப் போச்சு, மாத்த முடியல. இவ குரலைத் தவிர எதுக்கும் அது அடங்காது. அதான் அனுமதி வாங்கி, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போய் அதுக்கு என் குரலைப் பழக்கினா. ஆஸ்பத்திரியில இவகூடத்தான் இருப்பேன்னு எவ்வளவோ சொன்னேன். சத்தியம் வாங்கிட்டா."

"ஒரு பன்னிக்காகவாடி இவனை அனுப்பினே?"

டோரீனுக்கு நாக்கு உலர்ந்திருந்தது. மெல்லத்தான் வந்தது பேச்சு.

"நான் கண் முழிச்சா நீ இருப்பக்கா. அது முழிக்கிறப்ப யாரு இருப்பா?"

மார்லிஸ் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை வெர்லின் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

போன் அதிர்ந்தது. ஆர்டிஸ்.

"வந்து சேர்ந்தானா அந்த மகராசன்?"

"வந்துட்டான். திரும்ப வாங்கின ஜெபத்தை அவனுக்கே கொடுத்துரு. அப்புறம், சங்கிலியில இன்னொருத்தரையும் சேர்த்துக்கோ."

"அது யாரு? பேரைச் சொல்லு, எழுதிக்கிறேன்."

"பேர் கிடையாது, ஆர்டிஸ்," என்றாள் மார்லிஸ். "நாப்பத்தொண்ணுன்னு சொல்லு போதும்."