அக்கரைப் பூட்டு

மத்தியதரைக் கடலின் அந்தத் தீவில் முடிசூடும் ஒவ்வொரு அரசனும், நூறு வருஷத்துக்கு முன் சுல்தானிடம் பறிகொடுத்த அக்கரை நகரத்துக்கும் சேர்த்தே முடிசூடிக்கொள்வான். அந்த நகரத்தின் கோட்டைச் சாவியைக் கிழக்கே நீட்டிக் காற்றில் ஒரு திருகு திருகினால்தான் சடங்கு முடியும்.

இந்த முறை சுல்தானின் தூதன் ஒரு மரப்பெட்டியோடு வந்திருந்தான். உள்ளே பெரிய இரும்புப் பூட்டு.

"எங்க கோட்டைக் கதவுல இருந்து கழட்டினது. திறந்துட்டா நகரம் உங்களுது. திறக்கலைன்னா இன்னையோட அந்தப் பட்டத்தை விட்டுடுங்க."

பின்வரிசையில் நின்ற கொல்லன் கிரியாக்கோஸ் அரசன் கையிலிருந்த சாவியையே பார்த்தான். மெருகு போட வாங்கிப்போன பழைய சாவி அவன் கையிலேயே ஒடிந்துவிட்டது. அரசன் பிடித்திருப்பது, யாருக்கும் சொல்லாமல் அவன் தோராயமாக அடித்துக் கொடுத்த சாவி. தெரிந்தால் தூக்குதான்.

அரசன் சாவியை நுழைத்தான். திருகினான்.

பூட்டு திறந்துகொண்டது.

"கப்பலை இறக்குங்கடா!" என்று யாரோ கத்த, கூட்டம் துறைமுகத்துக்கு ஓடியது. கிரியாக்கோஸ் முண்டியடித்து வந்து பூட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். வளைந்த ஆணியை விட்டாலும் திறக்கிற பூட்டு; எந்தக் கோட்டைக் கதவிலும் தொங்கியிருக்க முடியாது.

"அரசே..."

அரசன் அவனைக் கட்டிக்கொண்டான். "எல்லாம் உன் கைராசிடா! கப்பல்ல என் பக்கத்துலயே வா."

அரசனின் தோளுக்கு மேலே தெரிந்த தூதன், பெட்டியை மூடிக்கொண்டே கிரியாக்கோஸைப் பார்த்துச் சிரித்தான்.