பத்தடிக்குப் பன்னிரண்டடித் தோட்டம்

“இந்தத் துண்டு எடத்துக்குப் படிச்ச ஆளு எதுக்கு? நர்சரிக்காரன்ட்ட சொன்னா நாலு குரோட்டன்ஸ ஊனிட்டுப் போயிருவான்” என்றார் கோமதிநாயகம். ஹார்டுவேர் கடை முதலாளி. புது வீட்டின் கிரானைட் படியில் உட்கார்ந்தபடி, எதிரே கிடந்த பத்தடிக்குப் பன்னிரண்டடி வெறுந்தரையைக் காட்டித்தான் சொன்னார்.

“ஊனிட்டுப் போயிருவான் அண்ணாச்சி. சித்திரை வெயில்ல காஞ்சதும் நீங்களே பிடுங்கித் தெருவுல போடுவீங்க” என்றாள் செண்பகவல்லி.

பணிவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வரும்போது நினைத்திருந்தாள். அது அவள் வாய்க்கு வராத சங்கதி.

அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். தோட்டக்கலை படித்து முடித்து, வீட்டுத் தோட்டம் வடிவமைத்துத் தரப்படும் என்று அட்டையும் அடித்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. அட்டையை வாங்கிப் பார்த்த சங்கரன்கோவில்காரர்கள் அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி: “செடி வைக்கதுக்கு ஒரு படிப்பா?”

முதலில் கேட்டவர் அவளுடைய அப்பா சங்கரசுப்பு. பலசரக்குக் கடையில் பருப்பு நிறுக்கும்போது கேட்பார், சாப்பிட உட்கார்ந்தால் கேட்பார். வந்த ஆள் போன ஆளிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அதே அப்பா இன்று வியாபார நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு, தேய்த்த வேட்டி கட்டிக்கொண்டு, தன் மொபெட்டில் அவளை இங்கே கூட்டி வந்திருக்கிறார். “பெரிய எடம்ட்டி. வாயக் கொஞ்சம் அடக்கிப் பேசு” என்று வழியில் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஒரு வழியாக மனுஷர் தன்னை நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். இந்த ஒரு வேலை கைக்கு வந்தால் போதும். அந்தக் கேள்வியை அவர் ஆயுசுக்கும் கேட்க மாட்டார்.

“அவரு கிடக்காரு, நீ சொல்லும்மா” என்றார் கோமதிநாயகத்தின் மனைவி ஆறுமுகத்தாய்.

“ஒங்க போர் தண்ணி உப்புச் சவரு. வாசல் மேற்கப் பாத்திருக்கு, மத்தியானத்துக்கு மேல அனலா அடிக்கும். கண்டதையும் வைக்க முடியாது. அரளி, காகிதப்பூ, ஓரத்துல கத்தாழை. நடுவுல ஒத்தையடிப் பாதை.”

“மல்லிய வைக்கலாம்லா?”

“சங்கரன்கோவில்ல இருந்துக்கிட்டு வீட்டுல மல்லியா? மார்க்கெட்டுல குமிஞ்சு கிடக்கு, போய் வாங்கிக்கோங்க.”

பக்கத்தில் சங்கரசுப்பு இருமினார். ஆறுமுகத்தாய் கோபப்படவில்லை. “வச்சுட்டு அத்தோட போயிருவியா, இல்ல பெறகும் நீயே பாத்துக்கிடுவியா?” என்று கேட்டார்.

“ஒரு வருசம் வந்து பாத்துக்கிடுவேன். அதுக்கப்புறம் உங்க பாடு.”

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பணக்காரர்களுக்கு எதற்கெல்லாம் சிரிப்பு வரும் என்று யார் கண்டது.

வரைபடத்தைத் தரையில் விரித்தாள். சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் மகன் லிங்கேஷ் கதவோரம் வந்து நின்றான். அவனுக்கு வரைபடம் புரியவில்லை போலிருக்கிறது. குனிந்து ஒரு தடவை பார்த்தான். பிறகு நிமிர்ந்தே நின்றான்.

பையிலிருந்து டேப்பை எடுத்தாள். “அது எதுக்கும்மா?” என்று ஆறுமுகத்தாய் தடுத்தார். “இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தே காட்டு. எங்களுக்கும் வெளங்கும்லா.”

நடந்தாள்.

“திரும்பி வா, பாப்போம்.”

திரும்பியும் நடந்தாள். நாலு வருஷப் படிப்பை வைத்துக்கொண்டு காலால் தரையை அளக்க வேண்டியிருக்கிறதே என்று பற்றிக்கொண்டுதான் வந்தது. முதல் கஸ்டமர் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மூன்று பேரும் உள்ளே போனார்கள். சன்னல் வழியாகப் பேச்சு அரைகுறையாக வெளியே விழுந்தது.

“வாய்தான் கொஞ்சம் நீளமா இருக்கு” என்றது கோமதிநாயகத்தின் குரல்.

“அதெல்லாம் போகப் போகச் சரியாயிரும். வெவரமா இருக்காள்லா” என்றது ஆறுமுகத்தாயின் குரல்.

செண்பகவல்லி அப்பாவைப் பார்த்தாள். அவர் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. அவள் பரீட்சை எழுதிய நாளில்கூட இந்த மனுஷர் இப்படித் தவித்ததில்லை.

கோமதிநாயகம் வெளியே வந்தார். “சரி. எங்க எல்லாத்துக்கும் பிடிச்சிருக்கு. படிச்ச ஆளே இருக்கட்டும்.”

சங்கரசுப்பு கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. ஒரு வருஷமாக அவர் கேட்ட அத்தனை கேள்விகளையும் செண்பகவல்லி அந்த இடத்திலேயே மன்னித்தாள். அழுதுவிடக் கூடாது என்று வரைபடத்தைப் பரபரவென்று சுருட்டினாள்.

“அப்ப திங்கக்கிழமையே செம்மண்ணு அடிக்கச் சொல்லிரட்டுமா?”

சங்கரசுப்பு சட்டென்று தலையைத் திருப்பி, வாசலில் நின்ற மொபெட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஆறுமுகத்தாய் கிட்டே வந்து அவள் கன்னத்தைத் தடவினார். “தோட்டத்துக்கு என்னம்மா அவசரம்? கல்யாணம் முடிஞ்சு வந்து நீயே போட்டுக்கிடு.”