பெரிய திரையின் கரிசனம்

காலை பதினொரு மணி. கண்ணாடித் தடுப்பு வழியாக ஆஸ்பத்திரியின் வரவேற்புக் கூடம் முழுவதும் தெரிகிறது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் எந்த டாக்டரின் கணினியிலும் திறக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நாற்காலியில் குனிந்தே இருக்கிறார். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் என் முதுகுக்குப் பின்னால் மேனேஜர் காபியைக் கரண்டியால் கலக்கியபடி நிற்கிறார். நெட்வொர்க் அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது, தீர்ப்பு மட்டும் எப்போதும் தயாராக இருக்கும். "நர்ஸுங்க வீடியோ பாக்குறாங்கம்மா. அதான் ரவுட்டர் திணறுது." நான் ரவுட்டரின் பதிவேடான லாகைத் திறக்கிறேன். பிராசஸர் தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் மூச்சு வாங்குகிறது. வரிக்கு வரி ஒரே முகவரி, நொடிக்கு இருபது தடவை ஒரே கேள்வி: இப்போது சுமை எவ்வளவு? ரவுட்டரின் சுமையைக் கோடாக வரைந்து காட்ட, அவர் அறைச் சுவரில் போன வாரம் மாட்டிய பெரிய திரையின் முகவரி அது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும் என்று நான் வைத்திருந்தேன். கோடு துள்ளவே இல்லை என்று அன்றே குறைபட்டவர், தானே மாற்றியிருக்கிறார். காய்ச்சல்காரனை நொடிக்கு இருபது தடவை உலுக்கி, உடம்பு எப்படி என்று விசாரிக்கும் கரிசனம். அந்த முகவரியைத் தடுக்கிறேன். சுமை பன்னிரண்டு சதவீதத்துக்கு இறங்குகிறது. கூடத்தில் நர்ஸ் ஒருத்தி கூப்பிட, குனிந்திருந்தவர் சுவரைப் பிடித்து எழுந்திருக்கிறார். மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தன் அறையின் திறந்த கதவு வழியே, திரையில் அசையாமல் நிற்கும் கோட்டைப் பார்க்கிறார். "என்னம்மா, என் கிராஃப் நின்னுடுச்சு," என்கிறார். "மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல இதைச் சரி பண்ணும்மா."