திருப்பிக் கொடுத்த நத்தை

“குறை உள்ளதா பார்த்து என் தலையில கட்டிட்டீங்களே, தம்பி.”

வண்ணமீன் கடையின் மேசைமேல் அந்த அம்மா ஒரு கண்ணாடிப் பாட்டிலை வைத்தார். உள்ளே தண்ணீரில், கொத்தமல்லி விதை அளவில் நத்தைக் குஞ்சுகள். கடைக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார்.

ஒன்றின் ஓடு சுருளாமல், இழுத்துவிட்ட கம்பிபோல நீண்டிருந்தது. ஒன்றுக்கு ஒரு கொம்புதான். இன்னொன்றுக்கு ஓடு பாதியோடு நின்றுபோய், மீதிச் சதை வெளியே தொங்கியது. பதினான்கு குஞ்சுகளில் ஒன்றுகூட முழுசாக இல்லை.

“இது ரெண்டாவது தடவை,” என்றார் அந்த அம்மா. “வீட்டுல துணைக்கு இருக்கட்டும்னு ஆணும் பெண்ணுமா ஒரு ஜோடி வாங்கினேன். அந்தப் பெண் நத்தை இப்படித்தான் குஞ்சு பொரிச்சுது. அதை உங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துட்டு வேற பெண் வாங்கிட்டுப் போனேன். அதுவும் அதே லட்சணம். உங்க நத்தை வம்சமே சரியில்ல.”

“பன்னெண்டு வருசமா இந்த வம்சத்தை வளர்க்கிறேன்மா. ஊர்ல பாதி வீட்டுத் தொட்டியில ஊர்றது எங்க நத்தைதான். ஒருத்தர் குறை சொன்னதில்ல. இந்தப் பேச்சு வெளிய போச்சுன்னா, நான் கடையில உக்காந்து மீனுக்குத் தாலாட்டுதான் பாடணும்.”

அந்த அம்மா சிரிக்கவில்லை.

“எனக்கு மாத்தித் தர வேண்டாம். தப்பு யார் மேலன்னு மட்டும் தெரியணும். அது தெரியாம இங்கிருந்து நகர மாட்டேன்.”

“ரெண்டு பெண்ணுக்குமே இப்படின்னா, ஆண் மேலதான் சந்தேகம் வரும்.”

“ஆண் நல்ல நத்தை.” பதில் வெடுக்கென்று வந்தது. “அதுல ஒரு கோளாறும் இல்ல. எல்லாம் பெண் பக்கத்துக் குறை.”

“என்னம்மா, நத்தைக்கு வக்கீல் மாதிரி வாதாடுறீங்க?”

அந்த அம்மா பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். கடைக்காரருக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

“உள்ள வாங்க. நீங்க வேண்டாம்னு கொடுத்துட்டுப் போனதைக் காட்டுறேன்.”

பின்னறையின் கீழ்த்தட்டில் ஒரு சின்னத் தொட்டி தனியாக இருந்தது. தங்க நிறத்தில் ஒரு பெரிய நத்தை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மெல்ல நகர்ந்தது. அதைச் சுற்றிலும் முப்பது நாற்பது குஞ்சுகள்.

பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு அந்த அம்மா தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு குஞ்சாகப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. ரெண்டு, ரெண்டு, ரெண்டு என்று கொம்புகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“எல்லாம் நல்லா இருக்கு,” என்றார் கடைசியில். உடனே, “இங்க இருக்கிற வேற ஏதாவது ஆணுக்குப் பொறந்ததா இருக்கும்,” என்றார்.

“வாய்ப்பே இல்ல. திரும்பி வர்ற உயிரை மத்ததோட கலக்க மாட்டேன். ஏதாவது நோய் இருந்தா மொத்தக் கடைக்கும் ஒட்டிக்கும். வந்த நாள்லேர்ந்து இது இந்தத் தொட்டியிலதான், ஒண்டியா.”

“நீங்க பார்க்காதப்போ பக்கத்துத் தொட்டிக்கு ஏறிப் போயிருந்தா?”

“மூடிக்கு மேல கல்லு வச்சிருக்கேன், பாருங்க.”

“அப்ப ஆண் இல்லாம எப்படிப் பெத்துச்சு?”

“இந்த வகை நத்தையில ஆண், பெண் தனித்தனி. ஆனா ஒரு தடவை சேர்ந்தா போதும்மா. ஆண் கொடுத்ததை மாசக்கணக்குல வயித்துல வச்சிருந்து முட்டை போடும். உங்க வீட்டை விட்டு வரும்போதே அதைச் சுமந்துக்கிட்டுதான் வந்திருக்கு. இது அத்தனையும் உங்க ஆணுக்குப் பொறந்ததுதான்.”

“சத்தியமா?”

கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். “என் பிள்ளைங்க மேல சத்தியம். போதுமா?”

அந்த அம்மா தலையசைத்தார். “தாயும் அதே. தகப்பனும் அதே,” என்றார், தனக்குத்தானே.

“தண்ணிதான்மா வேற. உங்க வீட்டுல என்ன தண்ணி?”

“கிணத்துத் தண்ணி. நாங்க குடிக்கிறதும் அதுதான்.”

“பக்கத்துல பட்டறை கிட்டறை ஏதாவது இருக்கா?”

“கொல்லையிலயே இருக்கு. என் மகன் முலாம் பூசுற பட்டறை போட்டிருக்கான். நாலு வருசமாச்சு.”

கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “கழுவி ஊத்துற ரசாயனம் மண்ணுல இறங்கிக் கிணத்துக்கு வந்திருக்கும். அந்தத் தண்ணியை முதல்ல நிறுத்துங்க. பாவம், வாயில்லாத உயிர் மேல பழி போடாதீங்க.”

அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“இப்ப சொன்னதையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கொடுப்பீங்களா, தம்பி? அந்த மூடி, கல்லு, தனியா வச்சிருந்தது, எல்லாத்தையும்.”

“நத்தைக்கு நடத்தைச் சான்றிதழா?” கடைக்காரர் பேனாவைத் தேடினார். “யார்கிட்டம்மா காட்டப் போறீங்க?”

“என் மருமககிட்ட,” என்றார் அவர். “தலைப்பிள்ளை விரல் இல்லாமப் பொறந்ததுக்கு உன் வம்சக் குறைதான் காரணம்னு சொல்லி, மறுபடி முழுகாம இருந்தவளை அவ அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டேன். போன மாசம் அங்க பத்து விரலோட ஒரு பிள்ளை பொறந்திருக்கு. எங்க வீட்டுல அப்படி, உங்க வீட்டுல இப்படின்னா தகப்பன் வேற ஆளுதான்னு, தெருவே கேக்குற மாதிரி சொல்லிட்டு வந்துட்டேன், தம்பி.”